நகரத்தில் ஒரு மாலை, கிராமத்தில் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, அதன்பின் நீண்ட காலமாகக் கிராமத்தில் வசித்து வருகிறேன். மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நகரத்துக்குச் சென்று ஒரு நாடகத்தையோ இசை நிகழ்ச்சியையோ பார்த்து, நண்பர்களுடன் உட்கார்ந்து சாப்பிட்டு, இரவே வீடு திரும்புகிறேன். அந்த மாலைகளை முழு மனத்துடன் ரசிக்கிறேன். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அதைவிடவும் மகிழ்கிறேன். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படி இருக்க முடியும் என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நகரத்து மாலை இவ்வளவு பிடித்திருக்கிறது என்றால், அங்கேயே குடியேறிவிடலாமே?

பிடித்த இடத்திலெல்லாம் குடியிருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அது விருந்தைப் பழிக்கவில்லை. விருந்து விருந்தாகவே இருக்க வேண்டுமானால் அதற்கு ஓர் அளவு வேண்டும் என்கிறது. நகரத்தில் நான் விருந்தாளி. மாலை ஐந்தரை மணிக்குப் போய் இறங்கி இரவு பத்து மணிக்குக் கிளம்புகிறவனுக்கு நகரம் தன் மிக நல்ல நான்கரை மணி நேரத்தைத் தருகிறது. காலை நெரிசல், வாடகை, தண்ணீருக்கான காத்திருப்பு, மேல்மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் ஆகிய மற்ற பத்தொன்பதரை மணி நேரத்தை அங்கே குடியிருப்பவர்கள் சுமக்கிறார்கள்.

என் சொந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நகரத்தில் வாழ்ந்த அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் பார்த்த நாடகங்களைவிட, கிராமத்துக்கு வந்தபின் பார்த்தவை அதிகம். அரங்கம் அப்போது என் வீட்டிலிருந்து இருபது நிமிட நடைத் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் வேலையும் பயணமும் தின்றதுபோக மிஞ்சிய நேரமாகவே மாலை எனக்குக் கிடைத்தது. மிஞ்சியதை எடுத்துக்கொண்டு எங்கும் போகத் தோன்றவில்லை. இப்போது நகரத்துக்குப் போகும் நாள் மூன்று வாரங்களுக்கு முன்பே நாள்காட்டியில் குறிக்கப்படுகிறது. அன்று காலையிலிருந்தே மனம் தயாராகிறது. அருகில் இருந்தபோது கிடைக்காத நகரம், தூரத்துக்கு வந்தபின் கிடைத்தது என்பதுதான் உண்மை.

நகரத்தில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்தது எது?

முதலாவது, அரங்கத்தில் விளக்குகள் மெல்ல மங்கும் அந்த அரை நிமிடம். இசைக் கலைஞர்கள் சுருதி சேர்த்து முடித்திருப்பார்கள். யாரோ ஒருவர் கடைசியாக இருமுவார். பையின் இழுவைப் பூட்டு ஒன்று மூடப்படும் ஓசை கேட்கும். பிறகு ஒருவரை ஒருவர் அறியாத நானூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். இந்த அனுபவத்தைக் கிராமத்தில் என்னால் பெற முடியாது, பெற முடியும் என்று பாசாங்கு செய்யவும் மாட்டேன்.

இரண்டாவது, மழை பெய்து ஓய்ந்த சாலையில் விளக்குகள் நீண்டு விழுவது. மூன்றாவது, முகங்கள். கிராமத்தில் ஒரு நாளில் நான் பார்க்கும் முகங்கள் முப்பது இருக்கலாம், அவற்றில் இருபத்தெட்டு எனக்குத் தெரிந்தவை. நகரத்து நடைபாதையில் பத்து நிமிடம் நின்றால் இனி ஒருபோதும் பார்க்கப்போகாத இருநூறு முகங்கள் கடந்துபோகின்றன. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமான காட்சி.

இவையெல்லாம் நகரத்தில் மட்டும் கிடைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர், 1933-இல் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து இதை விளக்கினார். ஒரு கடையோ சேவையோ நிலைத்து நிற்பதற்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும், அவர்கள் இவ்வளவு தூரம்தான் பயணம் செய்து வருவார்கள் என்ற இரண்டு கணக்குகளே, எந்த ஊரில் எது இருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அன்றாடம் வேண்டியவை சிற்றூரிலும் கிடைக்கும். எப்போதாவது வேண்டியவை பேரூரில்தான் கிடைக்கும். அரிதான ஒரு வாத்தியத்தைக் கேட்க ஆயிரத்தில் ஒருவர்தான் விரும்புவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேர் வாழும் கிராமத்தில் அந்த இசைக்கு அரைப் பார்வையாளர்தான் இருப்பார். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்திலோ ஆயிரம் பேர் இருப்பார்கள். நகரம் இப்படித் திரட்டித் தருவதை நன்றியுடன் பெற்றுக்கொள்கிறேன்.

மாலையில் ஊர் சுற்றப் போவது பழைய வழக்கமா?

பொதுமக்களுக்கு அது வாய்த்தது அண்மைக் காலத்தில்தான். சூரியன் மறைந்தபின் தெருவில் நடப்பது பல நூற்றாண்டுகளாக ஆபத்தான காரியமாகவே கருதப்பட்டது. பாரிஸில் 1667-இல் தெருக்களுக்கு விளக்கு ஏற்றும் பொது ஏற்பாடு தொடங்கியது. லண்டனில் பால் மால் தெருவில் 1807-இல் வாயு விளக்குகள் ஏற்றிக் காட்டப்பட்டன. நியூயார்க்கில் எடிசனின் மின் நிலையம் 1882-இல் இயங்கத் தொடங்கியது. வெளிச்சம் வந்தபின்தான் கடைகள் நெடுநேரம் திறந்திருந்தன, அரங்குகளின் நேரம் பின்னால் தள்ளிப்போனது, வேலை முடித்தவர்களுக்கும் ஒரு மாலை கிடைத்தது. எனவே நகரத்து வெளிச்சத்தை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்கு மாலையைத் தந்தது.

கிராமத்து அமைதி என்பது சத்தமே இல்லாத நிலையா?

இல்லை. கிராமத்தைப் பற்றிய தவறான எண்ணங்களில் இதுவே பெரியது. அமைதி என்பது ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாகக் கேட்கும் நிலை என்றுதான் நான் சொல்வேன்.

இரவு வீடு திரும்பி வண்டியின் எஞ்சினை நிறுத்தியதும் முதலில் காதில் எதுவும் விழாது. சூடான உலோகம் ஆறும்போது எழும் 'டிக் டிக்' ஓசை மட்டும் சிறிது நேரம் கேட்கும். அதுவும் நின்றபின் ஒரு நிமிடம் போகும். பிறகு காது திறந்துகொள்ளும். சுவர்க்கோழிகள், தூரத்துத் தவளைகள், காய்ந்த இலைமேல் ஏதோ ஒரு சிறிய உயிர் நகர்ந்து போவது, அடுத்த வீட்டு நாய் என் வருகையை அறிந்து எழுந்து காதுகளை உதறிக்கொள்வது என ஒவ்வொன்றாக வந்து சேரும். நகரத்தில் இவை அனைத்தும் ஒரே இரைச்சலின் அடியில் மூழ்கிப்போயிருக்கும்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டியதே. ஒலியை அளக்கும் டெசிபெல் என்பது சாதாரண அளவுகோல் அன்று. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு உரத்ததாகத் தோன்றுகிறது. அமைதியான நாட்டுப்புற இரவு 30 டெசிபெல் அளவில் இருக்கலாம், நெரிசலான சாலையோரம் 70-ஐத் தாண்டும். இடையிலுள்ள 40 டெசிபெல் என்பது ஆற்றல் கணக்கில் பத்தாயிரம் மடங்கு. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் வீட்டுக்கு வெளியே ஒலி 40 டெசிபெலுக்குள் இருப்பது நலம் என்றது. 2018-இல் சாலைப் போக்குவரத்து இரைச்சலுக்கென்று தனியாக 45 டெசிபெல் என்ற இரவு வரம்பைப் பரிந்துரைத்தது. பெரிய சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இந்த வரம்புகள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

கிராமத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில் போகும் ரயிலின் ஓசை பகலில் கேட்பதே இல்லை, இரவில் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. பகலில் நிலத்தை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால் அது மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. தெளிந்த, காற்று வீசாத இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் இந்த அடுக்கு தலைகீழாகிறது. அப்போது ஒலி தரையை நோக்கி வளைந்து நம்மிடம் வந்து சேருகிறது. சுவர்க்கோழிகளின் ஒலியும் வெப்பத்தைப் பொறுத்தே வேகம் மாறும். ஆமோஸ் டால்பேர் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1897-இல் அந்த ஒலியின் வேகத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிட ஒரு சூத்திரமே எழுதினார். இதைத் தெரிந்துகொண்டபின் மாதத்துக்கு மாதம் அந்த வேகம் மாறுவதை நானும் கவனிக்கத் தொடங்கினேன். குளிர்ந்த இரவுகளில் அது தயங்கித் தயங்கி ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது எனக்கு எந்த இசைக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

நகரத்திலிருந்து திரும்பிய இரவில் காதுக்குள் 'ங்ங்' என்று கேட்கிறதே, அது பயப்பட வேண்டியதா?

ஒலிபெருக்கி அதிகமாக ஒலித்த நிகழ்ச்சிக்குப் பிறகு அப்படிக் கேட்டால், காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் களைத்திருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் அது தானாகவே அடங்கும். ஆனால் அடிக்கடி நேர்ந்தால் சேதம் நிலைத்துவிடக்கூடும், ஏனெனில் அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்குப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெலில் பதினைந்து நிமிடம்தான். காதடைப்பான் ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மேடையோரப் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு அருகில் உட்காராதீர்கள். ஒலி இரண்டு மூன்று நாள் கழித்தும் அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அமைதியை விரும்புகிறவருக்குக் காது பெருஞ்செல்வம்.

கிராமத்து இருட்டு பயமாக இல்லையா?

முதல் சில மாதங்கள் பயமாகத்தான் இருந்தது. வெளிவாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை நாற்பது அடி நடக்கக் கைவிளக்கை இறுகப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் விளக்கின் மின்கலம் தீர்ந்துபோனதால், வேறு வழியின்றிச் சற்று நேரம் அங்கேயே நின்றேன். அன்றுதான் இருட்டைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

நம் கண்ணில் நிறங்களைப் பார்க்கும் கூம்புச் செல்களும், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களும் இருக்கின்றன. கூம்புச் செல்கள் பத்து நிமிடத்துக்குள் இருட்டுக்குப் பழகிவிடும், ஆனால் அவற்றால் அங்கே பெரிதாக எதையும் பார்க்க முடியாது. கோல் செல்கள் முழுத் திறனை எட்ட இருபதிலிருந்து முப்பது நிமிடம் வரை ஆகும். அவ்வளவு பொறுமையுடன் நின்றால் முதலில் வெள்ளைப் பூக்கள் தெரியும், நிறமுள்ள பூக்கள் தெரியாது. பிறகு மண் பாதை செடிகளைவிட வெளிறித் தோன்றும். பிறகு மரங்களின் வெளிக்கோடு வானத்தில் வெட்டியெடுத்ததுபோல நிற்கும். கைபேசித் திரையை ஒரே ஒரு முறை ஒளிரவிட்டால் இதெல்லாம் கலைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதன்பின் தலையை உயர்த்திப் பாருங்கள். முழு இருளில் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய விண்மீன்கள் வானம் முழுவதிலும் ஏறக்குறைய ஒன்பதாயிரம்; ஒரு நேரத்தில் நமக்கு மேலே இருப்பது அதில் பாதி. நகரத்தின் நடுவில் சில பத்துகளை எண்ணினாலே அதிகம். செயற்கை ஒளியால் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைக் காட்டும் உலக வரைபடத் தொகுப்பு ஒன்று 2016-இல் வெளியானது. மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாது என்று அது கணித்தது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையான வருத்தம் ஏற்பட்டது. நானும் அந்த ஒன்பது ஆண்டுகள் அவர்களில் ஒருவன்; எதை இழந்திருக்கிறேன் என்று தெரியாமலேயே இழந்திருந்தேன். இப்போது நிலவில்லாத இரவில், ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் ஒரு சிறு பனித்துளிபோலப் படிந்திருப்பதை என் முற்றத்தில் நின்று பார்க்கிறேன். இருபத்தைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது.

இரவில் அவ்வளவு தூரம் திரும்பி வருவது சிரமம் அல்லவா?

சிரமம்தான். ஆனால் திரும்பி வரும் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நான் மாலையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். கட்டடங்கள் குறைந்து, தெருவிளக்குகள் அரிதாகி, கடைசியில் வண்டியின் விளக்கு மட்டும் மிஞ்சும் அந்தப் பாதையில், கேட்ட இசையும் பேசிய பேச்சும் மனத்துக்குள் அடங்குகின்றன. நகர எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்தில் சன்னல் வழியே வரும் காற்று குளிர்வதை உடல் உணரும். இது கற்பனை அன்று. கற்சுவர்களும் தார்ச்சாலைகளும் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவெல்லாம் வெளியிடுவதால், நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது. லூக் ஹோவர்ட் என்பவர் லண்டனின் வெப்பநிலையை அளந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பதிவு செய்தார். இந்த வேறுபாடு இரவில்தான் மிகுதி என்பதையும் அவர் கண்டார்.

நீங்களே வண்டி ஓட்டுவதாக இருந்தால் ஒரு விதியை மீறாதீர்கள்: நள்ளிரவுக்குப் பிறகு பயணம் நீளும்படி திட்டமிட வேண்டாம். விடியலுக்கு முந்தைய மணிகளில் உடல் தானாகவே தூக்கத்துக்குச் சரியும். மன உறுதியால் அதை வெல்ல முடியாது. கடைசிப் பேருந்தோ ரயிலோ இருந்தால் அதுவே நல்லது. நிகழ்ச்சி நெடுநேரம் நீளும் என்றால் நகரத்திலேயே தங்கிவிடலாம், ஆனால் நன்றாகத் தூங்குவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிய இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றதைவிடக் குறைவாக ஆழ்ந்து, காவல் காப்பதுபோல இருக்கிறது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கிராமத்தில் சலிப்பு ஏற்படுவதில்லையா?

ஏற்படுகிறது. அது ஏற்படாத இடம் எதையும் நான் பார்த்ததில்லை. நகரத்தில் சலிப்பு வந்தால் ஏதாவது ஒன்றை வாங்கினேன், இங்கே ஏதாவது ஒன்றைச் செய்கிறேன்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் ஊர் மூச்சுத் திணற வைக்காதா?

சில நாள் வைக்கும். நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்பது மறுநாள் காலைக்குள் நான்கு வீடுகளுக்குத் தெரிந்துவிடும். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1903-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பெருநகரத்து மனிதர் தம்மைத் தாக்கும் எண்ணற்ற தூண்டுதல்களிலிருந்து தப்பிக்க எதிலும் ஒட்டாத ஒரு மனநிலையை வளர்த்துக்கொள்கிறார் என்றார். அதே கட்டுரையில், சிற்றூரின் கண்காணிப்பு தராத சுதந்திரத்தை நகரம் தருகிறது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டார். இரண்டையும் நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு மாலை யாருக்கும் தெரியாதவனாக நடப்பது எனக்கு வேண்டியிருக்கிறது, அந்தத் தேவையை நான் மறைப்பதில்லை. ஆனால் காய்ச்சலில் இரண்டு நாள் கதவைத் திறக்காதபோது, மூன்றாம் நாள் காலையில் தட்டிப் பார்க்க ஆள் வந்தது இந்த ஊரில்தான். தட்டியவர், என் வருகை நேரத்தைக் கணக்கு வைத்திருக்கும் அதே அண்டை வீட்டு அம்மாதான். இந்த அக்கறையும் அந்தக் கண்காணிப்பும் ஒரே துணியின் இரு பக்கங்கள்; ஒன்றை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ள முடியாது.

கிராம வாழ்க்கை உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா?

இயற்கையின் அருகில் இருப்பது நல்லது என்பதற்கு உண்டு; அதைக் கிராம வாழ்க்கைக்கான ஆதாரமாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனை சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984-இல் காட்டினார். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இயற்கைச் சூழலில் தொண்ணூறு நிமிடம் நடந்தவர்களிடம், தம்மைப் பற்றியே கசப்புடன் அசைபோடும் எண்ணம் குறைந்தது. நெரிசலான சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரின் தகவல்களைக் கொண்டு 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையில் கழித்தவர்கள் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள் என்றது. நகரத்துப் பூங்காவிலும் அந்த 120 நிமிடம் கிடைக்கும். ஆகவே நகரத்தில் வாழ வேண்டியிருப்பவர் தம்மை இழந்தவராக எண்ண வேண்டியதில்லை.

எல்லோராலும் இப்படித் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு அமைதியைப் புகழ்வது நியாயமாகாது. "கெட்டும் பட்டணம் சேர்" என்று நம் முன்னோர் சொன்னது வெறும் ஆசையால் அன்று. வாழ வழியற்றவருக்கு வேலையும், நோயாளிக்கு மருத்துவரும், ஊர் ஒதுக்கியவருக்கு அடைக்கலமும் நகரத்தில்தான் கிடைத்தன, இன்றும் கிடைக்கின்றன. 1950-இல் உலக மக்களில் நூற்றுக்கு முப்பது பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அது ஐம்பத்தைந்தாக உயர்ந்தது, 2050-இல் அறுபத்தெட்டாகும் என்றும் அது கணித்தது. இவ்வளவு பேரும் ஏமாந்து போனவர்கள் அல்லர்.

என் வேலையின் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்ய முடிகிறது என்பதால்தான் எனக்கு இந்த வாழ்க்கை சாத்தியமாயிற்று. கிராமத்துக்கு வர நினைப்பவர்களிடம் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேடச் சொல்வேன்: நடு இரவில் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரமாகும், வண்டி ஓட்ட முடியாத வயதில் எப்படி நடமாடுவீர்கள், வருமானம் நின்றால் அருகில் வேறு வேலை உண்டா. அந்தி வானத்தின் அழகைக் கண்டு முடிவெடுத்த சிலர் இரண்டே ஆண்டுகளில் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறை எதுவும் இல்லை. இந்தக் கேள்விகளை யாரும் அவர்களிடம் முன்கூட்டியே கேட்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே புறநகரில் வாழலாமே?

இந்த யோசனை மிகப் பழையது. எபெனெசர் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1898-இல், நகரம், நாட்டுப்புறம், இரண்டும் கலந்த ஊர் என்று மூன்று காந்தங்களாக வரைந்து காட்டி, மூன்றாவதே மனிதர்களை ஈர்க்கும் என்றார். அவர் எண்ணப்படி லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரம் 1903-இல் தொடங்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் பிறந்த ஊர் அது. ஆனால் இன்று புறநகர் என்று நாம் பொதுவாகக் காண்பது அவர் நினைத்ததன்று. வேலை ஓரிடத்தில், கடை வேறிடத்தில், இரண்டுக்கும் இடையே நீண்ட சாலை, இரவு முழுவதும் எரியும் விளக்குகள் என்றாகிவிட்டது. நகரம் முழு நகரமாகவும் கிராமம் முழுக் கிராமமாகவும் இருப்பதையே நான் விரும்புகிறேன். இது என் சொந்த விருப்பம். சிறு குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் வைத்திருப்பவர்களுக்குப் புறநகரே சரியாக அமையலாம்.

வீட்டில் ஒருவருக்கு நகரமும் மற்றவருக்குக் கிராமமும் பிடித்திருந்தால் என்ன செய்வது?

யார் விட்டுக்கொடுப்பது என்று பேசத் தொடங்கினால் பேச்சு முடியாது. நகரத்தில் உங்களுக்கு வேண்டியது எது என்று அவரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை, தோழிகளும் நூலகமும். இரண்டுக்கும் மாதம் இரண்டு நாள் போதும் என்று பேசும்போதே தெரிந்தது. விடை 'தினமும் மனிதர் நடமாட்டம் வேண்டும்' என்று இருந்திருந்தால் நாங்கள் இங்கே வந்திருக்கக் கூடாது, வந்திருக்கவும் மாட்டோம்.

நகரத்து மாலையைச் சிறப்பாக அமைத்துக்கொள்வது எப்படி?

ஒரு மாலைக்கு ஒரு காரியம் போதும். தூரத்திலிருந்து வருகிறோம் என்பதற்காகக் கடைவீதி, உறவினர் வீடு, நாடகம், விருந்து என்று அடுக்கினால் எல்லாவற்றிலும் பாதி மனத்துடன்தான் இருப்போம். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்; அந்த ஒரு மணியில் எங்கும் போகாமல் மக்கள் நடமாடும் இடத்தில் உட்கார்ந்திருங்கள். கிராமத்து நடையின் வேகத்திலிருந்து நகரத்தின் வேகத்துக்கு உடல் மாற அவ்வளவு நேரம் வேண்டும். திரும்பிய மறுநாள் காலையில் எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நகரத்து நண்பர் கிராமத்துக்கு வந்து தங்கினால் அவரை எப்படிக் கவனிப்பது?

முதல் இரவு அவர் சரியாகத் தூங்க மாட்டார் என்பதை எதிர்பார்த்திருங்கள். அமைதி அவருக்கு உரத்துக் கேட்கும். எல்லா நேரமும் ஏதாவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், நம் ஊரைப் பாராட்டும்படி அவரை வற்புறுத்தவும் வேண்டாம். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய கைவிளக்கு ஒன்றை அவர் படுக்கைக்கு அருகில் வையுங்கள். மங்கிய சிவப்பொளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. என் நண்பர் ஒருவர் சென்ற முறை வந்தபோது, இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் பிடிக்காமல் வெளியே போய் நின்றிருக்கிறார். என்னை எழுப்பவில்லை. காலையில் நான் எழுந்து பார்த்தபோது முற்றத்து நாற்காலி இடம் மாறி, வீட்டுக்கு முதுகு காட்டி, வயலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அதன் கையில் அவருடைய போர்வை பனியில் நனைந்து கிடந்தது.